பழைய வீட்டை உயர்த்தும்போது

(நம் சபையின் குடும்ப ஐக்கியக் கூட்டத்தில் பேசியது. ஆண்டு விழா மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



நர்ஸைப் பேசக் கூப்பிட்டால் சர்க்கரை வியாதி, இரத்த அழுத்தம் என்று ஆரம்பிப்பாள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று அவை இரண்டுக்கும் ஓய்வு. நான் பேசப்போவது வீட்டைப் பற்றி. நாம் வாழும் இந்த பிரிஸ்பேன் நகரத்தின் பழைய மர வீடுகளைப் பற்றி.

கடந்த சில வருஷங்களில் நம் சபையில் சில குடும்பங்கள் இப்படிப்பட்ட வீடு வாங்கியிருக்கிறார்கள். அதில் சிலர் வீட்டை அப்படியே மேலே தூக்கி, புதுத் தூண்களில் நிறுத்தி, பழுது பார்க்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அந்த வேலை நடந்து முடிந்தது. ஆராதனை முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் அண்ணன்மார் பேசிக்கொள்வது என் காதில் விழும். தூண் எத்தனை, கவுன்சில் எத்தனை வாரம் எடுக்கும், பேங்க் எவ்வளவு கொடுக்கும் என்று பேச்சு போகும். எல்லாம் தேவையான பேச்சுதான். ஆனால் அந்தக் கணக்கில் வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் வருவதைக் கேட்டதில்லை. அந்தப் பகுதியை நான் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு ஏன் கால்?

பிள்ளைகளே, முதலில் உங்களுக்கு ஒரு கேள்வி. பிரிஸ்பேனில் பழைய வீடுகள் ஏன் கால் முளைத்தது போல் நிற்கின்றன?

நான் பிறந்தது நாகர்கோவில் பக்கம். எங்கள் ஓட்டு வீட்டின் அஸ்திவாரம் மண்ணுக்குள் இருக்கும். சுவர் கல்லும் சாந்தும். வேலூரில் நர்ஸிங் படித்து, சில வருஷம் வேலை பார்த்து, இங்கே வந்து இறங்கியபோது இந்த வீடுகளைப் பார்த்து அதிசயப்பட்டேன். வீடு மண்ணைத் தொடவே இல்லை. மரக்கட்டைத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. இங்கே அதற்கு ஸ்டம்ப் என்று பெயர். அதன்மேல் உத்திரம், உத்திரத்தின்மேல் குறுக்குச் சட்டம், அதன்மேல் தரைப் பலகை. சுவரும் பலகைதான், பல வீடுகளில் ஒரே அடுக்கு. மேலே தகரக் கூரை, முன்னால் நீளமான வராந்தா.

காரணங்கள் பல. இந்த ஊர் மேடும் பள்ளமுமான ஊர். மண்ணை வெட்டிச் சமன் செய்வதைவிட, தூணின் உயரத்தைக் கூட்டிக் குறைத்துத் தரையைச் சமமாக்குவது சுலபம். கீழே காற்று ஓடுவதால் மரத்தில் ஈரம் தங்காது. வெயில் காலத்தில் வீடு சீக்கிரம் குளிரும். கரையானுக்கும் ஒரு தடை உண்டு. தூணின் தலையில் தொப்பி போட்டது போல ஒரு தகரம் கவிழ்த்திருக்கும். அந்தத் தகரம் கரையானைக் கொல்லாது. ஆனால் கரையான் மரத்துக்கு ஏற வேண்டுமானால் அந்தத் தகரத்தைச் சுற்றி வெளியே மண்பாதை கட்டியாக வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை டார்ச் லைட் எடுத்துக்கொண்டு கீழே போய்ப் பார்த்தால் அந்தப் பாதை கண்ணில் பட்டுவிடும். எதிரி வருவதைக் காட்டிக்கொடுக்கிற தகரம் அது.

நான்காவது காரணம் ஆறு. 1893 பிப்ரவரியில் பிரிஸ்பேன் நதி ஒரே மாதத்தில் மூன்று முறை கரை மீறியது. நகர மையத்து அளவுகோலில் 8.35 மீட்டர் வரை தண்ணீர் வந்தது. 1974 ஜனவரியில் 5.45 மீட்டர், 2011 ஜனவரியில் 4.46 மீட்டர், 2022 பிப்ரவரி 28 அன்று 3.85 மீட்டர். கடைசி இரண்டையும் உங்களில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்.

2022-இல் எங்கள் வீட்டில் தண்ணீர் தரைப் பலகைக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. வாஷிங் மெஷினும் சைக்கிள்களும் கீழே முழுகிப் போயின. மேலே நாங்கள் ஆறு மணி நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அது வடிந்த பிறகு வீட்டில் ஒரு பெரிய விவாதம். விற்றுவிடலாம் என்றார் என் கொழுந்தன். "இந்தப் பழைய பலகையை இடிச்சிட்டு நல்லா கான்கிரீட்ல கட்டுங்களேன்" என்றார்கள் என் அத்தை. இடிப்பது நினைத்த மாதிரி நடக்காது. பிரிஸ்பேனில் பல பகுதிகளில் 1946-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ கட்டிய வீடுகளுக்குப் பாரம்பரியப் பாதுகாப்பு உண்டு. தெருவிலிருந்து பார்த்தால் தெரியும் முகப்பை மாற்றவோ, வீட்டை இடிக்கவோ கவுன்சில் எளிதில் அனுமதி தராது. உயர்த்துவதற்கு வழி உண்டு. அதற்கும் உயர வரம்பு இருக்கிறது, பொதுவாக 9.5 மீட்டர். வெள்ளத்துக்குப் பிறகு மத்திய அரசும் குயின்ஸ்லாந்து அரசும் சேர்ந்து 741 மில்லியன் டாலர் நிதி ஒதுக்கின. வீட்டை உயர்த்த, தண்ணீர் தாங்கும்படி மாற்றிக் கட்ட, அல்லது வீட்டையே அரசுக்குக் கொடுத்துவிட என்று மூன்று வழிகள் வைத்தார்கள். நாங்கள் உயர்த்துவது என்று முடிவு செய்தோம்.

எப்படித் தூக்குகிறார்கள்?

பிள்ளைகளே, இதற்குத்தான் காத்திருந்தீர்கள் என்று தெரியும். கிரேன் வந்து வீட்டைப் பொம்மை போலத் தூக்காது.

முதலில் மின்சாரம், தண்ணீர், கேஸ், கழிவுநீர்க் குழாய் எல்லாவற்றையும் துண்டிப்பார்கள். படிக்கட்டைக் கழற்றுவார்கள். செங்கல் புகைபோக்கி இருந்தால் அதற்குத் தனி ஏற்பாடு. பிறகு உத்திரங்களுக்கு அடியில் நீளமான இரும்புத் தூலங்களை நுழைப்பார்கள். அங்கங்கே தடித்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன்மேல் ஜாக்கி வைப்பார்கள். பஞ்சரான காரைத் தூக்குகிறோமே, அதே ஜாக்கியின் பெரிய அண்ணன். எல்லா ஜாக்கியும் ஒரே அளவு உயர வேண்டும். கொஞ்சம் உயர்த்துவார்கள், கட்டை அடுக்குவார்கள், மட்டம் பார்ப்பார்கள், மறுபடி உயர்த்துவார்கள். எங்கள் வீடு காலையில் ஆரம்பித்துச் சாயங்காலத்துக்குள் உயர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு பல வாரங்கள் அந்தக் கட்டை அடுக்குகளின் மேலேயே காத்திருந்தது. அந்த நாட்களில் கீழே குழி வெட்டி, கான்கிரீட் போட்டு, இரும்புத் தூண் நட்டு, பழைய ஸ்டம்புகளை அப்புறப்படுத்தினார்கள். கடைசியில் வீட்டைப் புதுத் தூண்களில் இறக்கி, காற்றில் பறக்காதபடி கம்பிகளால் பிணைத்தார்கள்.

இது புதிய வித்தை இல்லை. அமெரிக்காவில் சிகாகோ நகரம் ஏரிக்கரையில் தாழ்வாக இருந்தது. கழிவுநீர் ஓட வழியில்லாமல் தெருவில் தேங்கியது. 1854-இல் காலரா வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கழிவுநீர்க் குழாய் போடவேண்டும், ஆனால் பூமிக்கடியில் போட்டால் தண்ணீர் ஓடச் சரிவு இல்லை. அதனால் தெருவின்மேல் குழாயைப் போட்டு, மண்ணைக் கொட்டி, நகரத்தையே உயர்த்தினார்கள். 1860-இல் லேக் ஸ்ட்ரீட்டில் ஒரு முழுக் கடை வரிசையை 600 பேர் 6,000 திருகு ஜாக்கிகளைத் திருப்பி, ஐந்து நாளில் 4 அடி 8 அங்குலம் உயர்த்தினார்கள். கடைகளை மூடக்கூட இல்லை. அங்கே கட்டடங்களை உயர்த்தியது அழகுக்காக இல்லை, நோயைத் தடுக்க. ஒரு நர்ஸுக்கு அந்தக் கதை பிடித்திருப்பதில் ஆச்சரியம் இல்லையே!

நம் சென்னையிலும் இன்று இந்த வேலை நடக்கிறது. சாலையின்மேல் சாலை போட்டு மேடாக, பழைய வீடுகள் பள்ளமாகிவிடுகின்றன. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று ஜாக்கி வைத்துச் செங்கல் வீட்டையே தூக்குகிறார்கள்.

வராந்தா கைப்பிடியில் இருந்த நோய்

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். பெற்றோர் கொஞ்சம் கவனியுங்கள்.

1890-களில் பிரிஸ்பேன் பிள்ளைகள் மருத்துவமனையில் ஜெஃப்ரிஸ் டர்னர் என்ற மருத்துவர் இருந்தார். வயிற்று வலி, வாந்தி, கை கால் விழுந்துபோதல் என்று பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். இது ஈய விஷம் என்று அவரும் உடனிருந்த மருத்துவர்களும் கண்டுபிடித்து, 1892-இல் எழுதினார்கள். ஆனால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை. தண்ணீர்த் தொட்டியா, பாத்திரமா, பொம்மையா என்று தேடினார்கள்.

லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவரிடம் பார்வை மங்கிய பிள்ளைகள் வந்தார்கள். அவர் அந்தப் பிள்ளைகளின் வீடுகளை ஆராய்ந்தார். 1904-இல் காரணத்தை எழுதினார்: வராந்தா கைப்பிடியிலும் வீட்டுச் சுவரிலும் அடித்த பெயின்ட். அந்தக் காலத்து வெள்ளை பெயின்டில் ஈயம் நிறைய. குயின்ஸ்லாந்து வெயிலில் அது காய்ந்து மாவாக உதிரும். பிள்ளைகள் வராந்தாவில்தான் விளையாடுவார்கள். கைப்பிடியைத் தடவிய கை வாய்க்குப் போகும். நகம் கடிக்கிற பிள்ளைக்கும், விரல் சூப்புகிற பிள்ளைக்கும் நோய் அதிகம்.

வெளிநாட்டு மருத்துவர்கள் பலர் இதை நம்பவில்லை. ஆனாலும் 1922-இல் குயின்ஸ்லாந்து ஒரு சட்டம் கொண்டு வந்தது. பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடங்களில் ஈய பெயின்ட் அடிக்கக்கூடாது என்றது அந்தச் சட்டம். அமெரிக்கா வீட்டு பெயின்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978-இல். உலகத்துக்கு முன்பாகவே இந்த உண்மையைச் சொன்னது நாம் இன்று குடியிருக்கும் இந்த ஊர். அந்த வராந்தாக்களில் பல இன்னும் நிற்கின்றன. ஆஸ்திரேலியாவில் 1970-க்கு முன் கட்டிய வீடு என்றால் ஈய பெயின்ட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலே நான்கு புதுப் பூச்சு இருந்தாலும் அடியில் பழைய பூச்சு காத்திருக்கும்.

வீட்டைத் தூக்கும்போது இது ஏன் முக்கியம்? மர வீடு தூக்கும்போது கொஞ்சம் வளையும். பலகைகளின் இணைப்பில் பெயின்ட் வெடிக்கும், செதில் செதிலாக உதிரும். கூரைக்கு உள்ளே நூறு வருஷத் தூசி இருக்கிறது. அது இடுக்கு வழியாகக் கொட்டும். பிறகு புது பெயின்ட் அடிப்பதற்காக யாராவது உப்புத்தாள் மெஷினை எடுத்துத் தேய்ப்பார்கள். ஒரு ஜன்னலைத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும்.

பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி வரை சேரலாம். உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேர்த்து வைக்கிறது. ஒரு பெண் கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து கால்சியம் வெளியே வரும். அதோடு பழைய ஈயமும் வந்து குழந்தைக்குப் போகும். குறைந்த அளவில் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. காய்ச்சல் இல்லை, சொறி இல்லை. பிள்ளைக்குப் படிப்பில் கவனம் குறையலாம், கோபம் கூடலாம், இரத்தசோகை வரலாம். "இவ்வளவு இருந்தால் பரவாயில்லை" என்று சொல்லும்படி பாதுகாப்பான அளவு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

வேலை ஆரம்பிக்குமுன் எங்கள் வீட்டின் ஐந்து இடங்களில் பெயின்ட் சுரண்டி லேபுக்கு அனுப்பினேன். வராந்தா கைப்பிடியிலும் இரண்டு ஜன்னல் கட்டைகளிலும் ஈயம் அதிகம் என்று பதில் வந்தது. உடனே எங்கள் ஜிபி டாக்டரிடம் போய் இரண்டு பிள்ளைகளுக்கும் இரத்தம் சோதித்தோம். மகளுக்கு அப்போது 12 வயது. அவளுக்கு ஒன்றும் இல்லை. மகனுக்கு 4 வயது. அவன் தினமும் குப்பை லாரி வருவதைப் பார்க்க ஜன்னல் கட்டையில் தாடையை வைத்துக்கொண்டு நிற்பவன். அவனுக்கு 6 மைக்ரோகிராம் இருந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு டெசிலிட்டருக்கு 5-க்கு மேல் போனால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது வழிகாட்டுதல். 6 என்பது மருந்து கொடுக்கிற அளவு இல்லை. ஆனால் ஒரு தாய்க்கு அந்த எண் போதும்.

அதுவரை என் கணவருக்கு வேறு யோசனை இருந்தது. வாடகையை மிச்சம் பிடிக்கலாம், வீட்டை இறக்கியதும் பின் அறைகளில் நாம் தங்கலாம், முன்பக்கம் பெயின்ட் வேலை நடக்கட்டும் என்றார்கள். வேலைக்கு வந்த ஒருவரும், "மேலே புது பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும், இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்று சொல்லியிருந்தார். இரத்தப் பரிசோதனைத் தாளை மேஜைமேல் வைத்தேன். அவர்கள் அதை இரண்டு முறை வாசித்தார்கள். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் இரண்டு அறை உள்ள ஒரு யூனிட்டைப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தார்கள். ஐந்து மாதம் அதில்தான் ஐந்து பேரும் இருந்தோம்.

அத்தை வேதத்தில் நல்ல பழக்கமுள்ளவர்கள். அன்று இராத்திரி குடும்ப ஜெபத்தில், "ஏம்மா, இது லேவியராகமத்துல இருக்கே" என்றார்கள். 14-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார்கள். நீங்களும் வீட்டுக்குப் போய் வாசித்துப் பாருங்கள். வீட்டுச் சுவரில் தோஷம் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே வரிசையாக இருக்கிறது. முதலில் வீட்டை ஒழித்துவிட வேண்டும். பிறகு ஆசாரியன் வந்து பார்க்க வேண்டும். ஏழு நாள் பூட்டி வைக்க வேண்டும். கெட்ட கல்லைப் பெயர்த்து, உள்சுவரைச் சுரண்டி, சுரண்டிய மண்ணை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஈய பெயின்ட் அகற்ற இன்று அரசாங்கம் தருகிற அறிவுரையும் ஏறக்குறைய இதே வரிசைதான்: ஆட்களையும் சாமான்களையும் வெளியேற்று, தெரிந்தவரை வைத்துச் சோதி, அடைத்து வை, கவனமாக அகற்று, குப்பையை உரிய இடத்தில் சேர். எனக்கு அன்று அந்த அதிகாரம் புதிதாகத் தெரிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை

இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலை ஆரம்பிக்குமுன் பெயின்டைச் சோதியுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சோதனைக் குச்சி ஒரு முதல் தகவல் தரும். லேப் சோதனை உறுதியான பதில் தரும். ஈயம் இருந்தால் உலர்ந்த பெயின்டை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. மிக அதிகச் சூட்டில் உருக்கவும் கூடாது, அந்தப் புகையிலும் ஈயம் போகும். ஈரப்படுத்திச் சுரண்ட வேண்டும், பிளாஸ்டிக் விரித்துப் பிடிக்க வேண்டும். இந்த வேலை தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

கர்ப்பிணிகளும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் வேலை முடிந்து, சுத்தம் செய்து முடியும்வரை அந்த வீட்டுக்குள் வரக் கூடாது. "சும்மா பார்த்துவிட்டு வரலாம்" என்று தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வேலை செய்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

நம் துடைப்பம் இந்த நேரத்தில் வேண்டாம். உலர்ந்த தரையைப் பெருக்கினால் தூள் பறக்கும். சாதாரண வேக்குவமும் அப்படித்தான், பின்பக்கமாகத் துப்பிவிடும். ஹெப்பா வடிகட்டி உள்ள மெஷின் வேண்டும், அல்லது ஈரத் துணியால் துடைக்க வேண்டும். செருப்பை வாசலில் கழற்றுகிற நம் வழக்கத்தை மட்டும் விடாதீர்கள். அது மருத்துவமும்கூட.

பழைய பலகையை விறகாக எரிக்காதீர்கள். பொங்கல் பானைக்கும் வேண்டாம், பார்பிக்யூவுக்கும் வேண்டாம்.

பழைய வீட்டுச் சுவரை ஒட்டிய மண்ணில் பல வருஷமாக உதிர்ந்த பெயின்ட் கலந்திருக்கும். நாம் வந்தவுடன் செய்கிற முதல் வேலை அங்கே கீரை போடுவதும் கறிவேப்பிலை நடுவதும்தானே. கொஞ்சம் தள்ளிப் போய், பலகைப் பெட்டியில் புது மண் நிரப்பிப் போடுங்கள். கோழி வளர்ப்பவர்களுக்கும் இதே வார்த்தை. கோழி மண்ணைக் கிளறித் தின்னும், ஈயம் முட்டைக்கு வரும்.

இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த பிள்ளையின் உடம்பு ஈயத்தை அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். கேழ்வரகு, பயறு, மீன், முட்டை, பால் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் ஜிபி டாக்டரிடம் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இன்னொன்று ஆஸ்பெஸ்டாஸ். பின்னாளில் வராந்தாவை அடைக்கவும், குளியலறைக்கும், கீழ்ப்பகுதிக்கும் அந்தத் தகட்டைப் பயன்படுத்தியிருப்பார்கள். 2003 டிசம்பர் 31 அன்றுதான் ஆஸ்திரேலியா அதை முழுவதுமாகத் தடை செய்தது. அதில் துளை போடாதீர்கள், உடைக்காதீர்கள். உரிமம் பெற்றவரைக் கூப்பிடுங்கள்.

உயரத்தின் ஆபத்து

வீடு உயர்ந்தது. தண்ணீர் பயம் குறைந்தது. அதோடு வேறொரு பயம் வருகிறது.

முன்பு எங்கள் படுக்கையறை ஜன்னலிலிருந்து கீழே ஒரு ஆள் உயரம்தான். இன்று அதே ஜன்னல் நான்கு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜன்னல் மாறவில்லை, பூமி கீழே போய்விட்டது. அந்த ஜன்னலுக்குக் கீழே கட்டில் போட்டால் பிள்ளை ஏறிவிடுவான். கொசுவலை பிள்ளையைத் தாங்காது. அது கொசுவைத்தான் தாங்கும். புதிய வீடுகளில் உயரத்தில் உள்ள படுக்கையறை ஜன்னல் 12.5 செ.மீ.க்கு மேல் திறக்காதபடி தடுப்பு வைக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் வீடு நூறு வருஷப் பழையதானாலும் வீட்டை உயர்த்தும் அன்றே அந்தத் தடுப்பைப் போட்டுவிடுங்கள். வராந்தாக் கம்பிகளின் இடைவெளியும் அதே 12.5 செ.மீ.க்குள் இருக்கட்டும். மாடியில் கைப்பிடிச் சுவர் கட்டாமல் ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டுக்காரன்மேல் வரும் என்று உபாகமத்தில் மோசே எழுதி வைத்திருப்பது நினைவிருக்கிறதா?

பெரியவர்களுக்கு வருவோம். தரையிலிருந்து 3 மீட்டர் உயரம் என்றால் 16 படி. அத்தைக்கு வயது 74, இரண்டு முழங்காலிலும் வலி. மருத்துவமனையில் நான் பார்க்கிற இடுப்பெலும்பு முறிவுகளில் படிக்கட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. கீழே அவர்களுக்கு ஒரு அறை கட்டலாமே என்பீர்கள். ஆள் தங்கும் அறைக்கு 2.4 மீட்டர் உயரம் வேண்டும். அது எங்களுக்குக் கிடைத்தது. ஆனால் வெள்ளம் வரும் மனையில் படுக்கையறை வெள்ள மட்டத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும். கீழே கார், துணி துவைக்கும் இடம், அவ்வளவுதான். மின்சாரப் பெட்டியும் சுவிட்சுகளும்கூட மேலே.

இந்த ஊர் மேடு பள்ளமான ஊர் என்று சொன்னேன் அல்லவா, அதுவே உதவியது. எங்கள் மனையின் பின்பக்கம் மேடு. அங்கே பின்வாசலுக்கு 5 படி போதும். இன்ஜினியர் வரைபடத்தில் முன்படிக்கட்டுக்குத்தான் அலங்காரம் எல்லாம். நாங்கள் பின்படிக்குப் பணத்தைச் செலவழித்தோம். இரண்டு பக்கமும் கைப்பிடி, ஒவ்வொரு படியும் ஒரே உயரம், இரவில் தானாக எரியும் விளக்கு, நடுவில் நின்று மூச்சு வாங்க இடம், மழையில் நனையாதபடி மேலே தகரம். முன்படி தெருவுக்கு அழகு. பின்படியில்தான் அத்தை தினமும் ஏறி இறங்குகிறார்கள். உங்கள் வீட்டு வரைபடம் கைக்கு வரும்போது, வீட்டிலுள்ள மிக வயதானவரையும் மிகச் சின்னவரையும் அந்தக் காகிதத்தின்மேல் மனதில் நடத்திப் பாருங்கள். அவர்கள் எங்கே தடுக்கி விழுவார்களோ அங்கே முதலில் பணம் போடுங்கள்.

எதை வைத்துக்கொள்வது?

எங்கள் வீட்டில் பழையது எது மிஞ்சியது என்று கேட்பீர்கள். நிறைய மிஞ்சியது. செங்குத்துப் பலகைச் சுவர், கதவுக்கு மேலே காற்றுக்காகச் செதுக்கிய மர வேலைப்பாடு, உயரமான கூரை, அகலமான வராந்தா. பிப்ரவரி வெயிலில் ஏசி போடாமல் வராந்தாவில் உட்கார்ந்தால் அந்தக் காலத்துத் தச்சர்களின் அறிவு புரியும். அவர்கள் செய்த நல்லதையெல்லாம் வைத்துக்கொண்டோம். கைப்பிடியிலிருந்த நஞ்சைச் சுரண்டி எடுத்தோம். கைப்பிடி அதே கைப்பிடிதான். இன்று அதை யார் தொட்டாலும் பயமில்லை.

முன்னோர் விட்டுச் சென்றதை மதிப்பது என்றால் இரண்டு வேலையையும் செய்ய வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டேன். எதையும் தொடக்கூடாது என்பவர் வீட்டில் பிள்ளைகள் நோயாகிறார்கள். எல்லாவற்றையும் இடித்துவிடு என்பவர் காற்று வரும் வழியையும் இடித்துவிடுகிறார். பொறுமையாகச் சோதித்து, நல்லதை நிறுத்தி, கெட்டதை எடுப்பது மெதுவான வேலை. எல்லா ஜாக்கியையும் ஒன்றாக உயர்த்துவது போலத்தான் அது. கணவருக்குப் பணக் கவலை, அத்தைக்கு முழங்கால் கவலை, எனக்கு ஈயக் கவலை. ஒரு பக்கம் மட்டும் வேகமாக உயர்ந்திருந்தால் வீடு சாய்ந்திருக்கும்.

மகனுக்கு மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் 4. ஒரு வருஷத்துக்குப் பிறகு 2. இப்போது அவன் பள்ளிக்குப் போகிறான். பிள்ளைகளே, அவன் உங்களோடு ஞாயிறு பள்ளியில் உட்காரும்போது வீடு தூக்கிய கதையைக் கேளுங்கள், விடாமல் சொல்லுவான்.

பெற்றோரே, இந்த வாரமே உங்கள் வீடு கட்டிய வருஷத்தைப் பாருங்கள். 1970-க்கு முன் என்றால் வராந்தாக் கைப்பிடியையும் ஜன்னல் கட்டைகளையும் கையால் தடவிப் பாருங்கள். விரலில் வெள்ளையாக மாவு ஒட்டினால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எனக்கு போன் செய்யுங்கள். ஞாயிறு டீ நேரத்திலும் கேட்கலாம். கர்த்தர் நம் வீடுகளையும் வீட்டிலுள்ளவர்களையும் காப்பாராக. ஆமென்.